சேவலுக்குப் பின்னால் வருகிறவர்

சீன நாவலில் வரும் பேய் எதைக் குறிக்கிறது என்று சென்னையிலிருந்து பதிப்பாளர் மறுபடியும் கேட்டபோது, நான் பாரிசில் என் அலுவலகத்துக் கழிப்பறை வாசலில் கைபேசியோடு ஒளிந்து நின்றேன். வேலை நேரத்தில் அழைக்காதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவருக்குச் சென்னையில் மாலை ஆகிவிட்டால் உலகம் முழுவதும் மாலை ஆகிவிடும்.

"மேடம், அந்தப் பேய் ஒரு சிம்பல்தானே?"

"அது பேய்" என்றேன்.

"அது சரி மேடம். ஆனா நம்ம ரீடர்ஸ் பகுத்தறிவு உள்ளவங்க. சேவலை வெச்சு ஆவிக்கு வழி காட்டுறாங்கன்னு அப்படியே போட்டா, மூடநம்பிக்கையைப் பரப்புறோம்னு பேஸ்புக்ல கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. நவீன சீனக் கிராமத்து நாவல்கள்ல தொன்மமும் நாட்டார் நம்பிக்கையும்னு ஒரு முன்னுரை எழுதிக் குடுத்துடுங்க. எல்லாமே குறியீடுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாம சேஃப்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலில் காப்புறுதி அலுவலகத்தில் பிறருடைய தண்ணீர்க் குழாய் வெடித்த கதைகளைப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, அதன் பிறகு பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு இந்த நாவலைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். சம்பளமில்லாத வேலை. யாரும் கேட்கவில்லை, நானாகப் போய் விழுந்தேன். விழுந்தவளைக் குறைந்தபட்சம் நிம்மதியாகக் கிடக்க விடலாம்.

நாவலின் கதை சிக்கலானதல்ல. ஒரு கிராமம் அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போகப்போகிறது. எல்லோரும் மேட்டில் கட்டிய புது ஊருக்குப் போக வேண்டும். ஒருத்தி மட்டும் போக மாட்டேன் என்கிறாள். அவளுடைய கணவன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கே வெள்ளம் புகுந்து செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய ஆவி பின்னேரங்களில் பழைய வீட்டுக்கு வந்து பானை மூடியைத் திறந்து பார்க்கிறது. வீடு தண்ணீருக்குள் போனால் அது எங்கே வரும்? கடைசியில் ஊரார் ஒரு சேவலைக் கொண்டுவருகிறார்கள். சேவல் முன்னே போனால் ஆவி பின்னே வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவள் சேவலைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று "இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டுக்கொண்டே புது ஊருக்கு நடக்கிறாள்.

பிரெஞ்சுப் பதிப்புக்கு ஒரு பேராசிரியர் முன்னுரை எழுதியிருந்தார். அந்த ஆவி "அடக்கப்பட்ட வரலாற்று நினைவு" என்று அவர் சொல்லியிருந்தார். இருக்கலாம். ஆனால் அந்த ஆவி ஒரு பின்னேரம் தனக்கு நூடுல்ஸ் வேண்டும் என்று கேட்கிறது. வரலாற்று நினைவு எங்கே போய் நூடுல்ஸ் கேட்டது? நான் படித்த சீனக் கிராமத்துக் கதைகளில் எனக்குப் பிடித்ததே, அங்கே எவரும் நின்று விளக்கம் சொல்வதில்லை என்பதுதான். இந்த நாவலிலும் காலையில் கோவிலைப் பூட்டச் சொல்லி உத்தரவு போடுகிற கட்சிச் செயலாளர், பொழுது சாய்ந்ததும் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்து செத்துப்போன தகப்பனுக்குக் காகிதப் பணம் எரிக்கிறார். அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகப்பன் அங்கே கைச்செலவுக்கு என்ன செய்வார் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருக்கிறது.

இதையெல்லாம் பதிப்பாளருக்குச் சொன்னேன். "சூப்பர் மேடம், இதையே முன்னுரையா எழுதிடுங்க, கடைசில குறியீடுன்னு மட்டும் சேர்த்துக்கோங்க" என்றார். வைத்துவிட்டேன்.

என் மொழிபெயர்ப்புக்கு முதல் வாசகி என் அக்கா. ஊரில் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்தவள். இங்கே ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், லாச்சப்பல் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில், தமிழ்க் கடைகளுக்கு நடுவே, ஒரு மரக்கறிக் கடையில் காசு வாங்கும் இடத்தில் இருக்கிறாள். அதே கட்டடத்தின் உச்சியில், மூச்சு வாங்க ஏறிப்போக வேண்டிய ஓர் அறையில் குடியிருந்தாள். நான் அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து ஒற்றுப் பிழைகளைத் திருத்துவாள், கூடவே சீனர்களையும் திருத்துவாள்.

"அடுப்படிச் சாமிக்கு வாயிலை பாகு பூசுறதோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஓம். வருசக் கடைசியிலை அவர் மேலை போய் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாராம். இனிப்பைப் பூசிவிட்டால் நல்லதை மட்டும் சொல்லுவாராம்."

"இது லஞ்சமெல்லோ."

"புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு, அக்கா."

"நல்ல வேலை. எங்கடை சாமியளுக்கும் பூசியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் கணவர், எங்கள் அத்தான், பாரிசுக்கு வரவென்று ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. மொஸ்கோவிலிருந்து கடைசியாகத் தொலைபேசியில் பேசினார். நாளைக்கு வெளிக்கிடுறம், லாச்சப்பலிலை போய் இறங்கினால் போதும், ஆரைக் கேட்டாலும் வழி காட்டுவினம் என்றார். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அவரோடு புறப்பட்டவர்களில் சிலர் பிறகு வந்து சேர்ந்தார்கள். அவரை வேறு வண்டியில் ஏற்றினார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வழியால் தானே புறப்பட்டு வந்தாள். அத்தானுக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்துவிட்டாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அவள் அறையில் அத்தானின் படம் இருந்தது. மாலை இல்லை, விளக்கு இல்லை. அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. வருடா வருடம் பிள்ளையார் கோவில் தேர் வரும்போது ரூ பஜோல் தெருவில் ஒரு மூலையில் போய் நிற்பாள். எல்லோரும் தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவள் தேருக்கு முதுகு காட்டிக்கொண்டு சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "சாமியை ஒருக்காத் திரும்பிப் பார்த்தால் என்ன?" என்று நான் கடிந்திருக்கிறேன். "அவர் அடுத்த வருசமும் வருவார்" என்பாள்.

இப்படி இருக்கையில், கட்டடம் பழுதாகிவிட்டது, மேல் அறைகளை எல்லாம் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எங்கள் வீடு பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில். மகள் படிக்கப் போனபிறகு ஓர் அறை சும்மா கிடக்கிறது. பூசி, புதுத் திரைச்சீலை போட்டு, அக்காவுக்குப் பிடித்த மாதிரி ஜன்னலோரமாகக் கட்டிலையும் இழுத்துப் போட்டேன். அவளுக்கு மூச்சிழுப்பு வருத்தம் உண்டு. இனி அந்தப் படிகளில் ஏற வேண்டாம்.

"ஓல்னே எங்கை கிடக்கு, லாச்சப்பல் எங்கை கிடக்கு" என்றாள்.

"கார் து நோர் ஸ்டேசனிலை ரயில் எடுத்தால் பக்கமெல்லோ. எத்தினை தரம் வந்திருக்கிறாய்."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே."

"பகல் முழுக்கக் கடையிலைதானே நிக்கப்போறாய்? வந்தால் கடையிலை வந்து கேக்கட்டும்."

"விடியப்புறத்திலை வந்தால்? கடை பூட்டியெல்லோ கிடக்கும். அவங்கள் ஆக்களைக் கொண்டுவந்து இறக்கிறது விடியப்புறத்திலைதான்."

ஏஜென்சிக்காரன் வண்டி இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கத்தினேன், பாவம் அவர். அடுத்த கிழமை பார்த்தால், கடைக்குப் பக்கத்திலேயே ஒரு நிலக்கீழ் அறையில் அக்கா ஒரு கட்டில் பிடித்துவிட்டாள். ஜன்னல் இல்லை. சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டியது. முன்பின் தெரியாத பெண்கள் முறை வைத்துப் படுக்கிற இடம். "இஞ்சை மூச்சு விடுவாயோ நீ?" என்று கேட்டேன். "சமாளிப்பன்" என்றாள். இழுப்புக்காரி ஈரக் குழிக்குள் போய்க் கிடந்தால் ஒரு மாரிகாலம் தாங்க மாட்டாள் என்று வைத்தியரிடம் கேட்டுத்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சேவல் அத்தியாயத்தை வரிசை தப்பி முதலில் மொழிபெயர்த்தேன். வீடு மாறினாலும் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு சீனத்தியிடமிருந்தாவது அக்கா கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெண்டிக்காய் பொறுக்குகிறவள்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுவதையும் படித்தாள். இரண்டு இடத்தில் ஒற்றுப் போட்டாள்.

"அவ்வளவு தூரமும் சேவல் சத்தம் போடாமல் இருக்குமோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

மேலறையைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாவல் முடிந்து, பதிப்பாளர் பக்கம் கட்டி அனுப்பினார். புரூஃபை அக்காவுக்கே நேரே அனுப்பச் சொல்லியிருந்தேன். அவள் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். அதற்கு மறுநாள் அவரிடமிருந்து அழைப்பு. வழக்கம்போல வேலை நேரத்தில்.

"மேடம், ஒரு சின்ன டவுட். அந்த ஹஸ்பண்ட் செத்துட்டானா, இல்லையா?"

"ஏன்?"

"மொதல்ல 'இறந்த கணவன்'னு இருந்துச்சு. இப்ப உங்க அக்கா எல்லா எடத்துலயும் 'இன்னும் வந்து சேராத கணவன்'னு மாத்திருக்காங்க. எனக்குப் பிடிச்சிருக்கு மேடம், ரொம்பப் பின்நவீனத்துவமா இருக்கு. இருந்தாலும் கேட்டுக்கலாம்னு..."

அன்று மாலை கோப்பைத் திறந்து பார்த்தேன். "விதவை" என்று வந்த இடமெல்லாம் "அந்தப் பெண்". "ஆவி" என்று வந்த இடமெல்லாம் "அவர்". ஆவி பானை மூடியைத் திறந்தது என்று நான் எழுதியிருந்தேன். அவர் பானை மூடியைத் திறந்தார் என்று இருந்தது. அவனுக்காகக் காகிதப் பணம் எரிக்கும் பக்கம் முழுவதாகவே போய்விட்டது. மொத்தத்தில் நாவலில் பேயே இல்லை. ஒரு மனிதர் பின்னேரங்களில் ஒழுங்காகத் தன் வீட்டுக்கு வருகிறார், பானையைத் திறந்து பார்க்கிறார், நூடுல்ஸ் கேட்கிறார், மனைவி குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். எதற்கு அழுகிறாள் என்று வாசகர் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வருட உழைப்பு. எனக்கு வந்த கோபத்தில் சட்டைக்கு மேல் சட்டை எதுவும் போடாமல் குளிரில் இறங்கி ரயிலேறிவிட்டேன்.

கடையில் சனம் வரிசையில் நின்றது. நான் வரிசையைப் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, அவன் செத்துப்போனான். சுரங்கத்துக்குள்ளை வெள்ளம் வந்து செத்துப்போனான். தொடக்கத்திலையே கிடக்கு."

முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆர் கண்டது?"

"எழுதினவர் கண்டவர்."

"அவர் சுரங்கத்துக்குள்ளை நிண்டவரோ?"

"இது கதையெல்லோ, அக்கா!"

"கதைதானே. பிறகேன் அவசரப்பட்டுச் சாக்காட்டுறார்?"

"அவன் செத்தால்தான் பேய். பேய் இருந்தால்தான் சேவல். சேவல் இல்லாட்டி என்ன கதை இருக்கு? நீ ஒரு கிராமத்தையே அழிச்சுப்போட்டு வைச்சிருக்கிறாய்!"

வரிசையில் நின்ற ஒருவர் தன் கறிவேப்பிலைக் கட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். அக்கா முருங்கைக்காயைப் பையில் போட்டாள். பிறகு, மரக்கறியின் விலை கேட்பதுபோலச் சாதாரணமாக என்னைக் கேட்டாள்.

"அத்தானையும் நீ அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?"

இத்தனை வருடமும் இந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததில்லை. சுற்றி வளைத்து எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அலுத்துப்போயிற்று. ஈர அறையும் ஏஜென்சிக்காரனும் பதிப்பாளரும் குறியீடும் எல்லாம் சேர்ந்து அலுத்துப்போயிற்று.

"ஓம்" என்றேன்.

அவள் பையை வாடிக்கையாளரிடம் கொடுத்தாள். மிச்சக் காசையும் கொடுத்தாள். "சரி" என்றாள். "உன்ரை புத்தகம். நீ விரும்பினமாதிரிப் போடு." அடுத்தவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தங்கச்சி?" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். இறந்தவனை இறந்தவனாக்கினேன், விதவையை விதவையாக்கினேன், காகிதப் பணத்தை மறுபடியும் எரித்தேன். அது சரியான வேலைதான். செய்யும்போது அழுதேன் என்பது வேறு விஷயம். முன்னுரையை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. பதிப்பாளர் கடைசியில் பின்னட்டையில் தானே நாலு வரி எழுதிப் போட்டுக்கொண்டார். குறியீடு என்ற சொல் அதில் தவறாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. ஆனால் அவளைப் பற்றிய செய்தி வந்துகொண்டிருந்தது. லாச்சப்பலில் எதையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறாளாம். சேலைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, தலைமயிர் வெட்டுகிற கடை, ஒன்றையும் விடவில்லையாம். ஒருத்தர் வந்து என்னைக் கேட்டால் ஓல்னேக்குப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ என்று சொல்லி, கடைக்காரர் வாயாலேயே எங்கள் தெருப் பெயரைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறாளாம். பிரெஞ்சில் பதில் சொல்லுகிற இளம் பெடியன்களையும் விடவில்லையாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நிமிடமே கோபம் வந்தது. வரப்போகிறவள் என்னிடம் ஒரு சொல் சொன்னால் என்ன?

ஒருவழியாக அழைத்தாள். "சனிக்கிழமை வாறன். சாமானெல்லாம் வான் வண்டியிலை போகட்டும். நான் ரயிலிலைதான் வருவன். நீயும் என்னோடை வா."

"வண்டியிலை முன்னுக்கு இடம் கிடக்கு, அக்கா. என்ரை மனுசன் உன்னையும் ஏத்திக்கொண்டு போவார்."

"வண்டியிலை போனால் வழி தெரியாது" என்றாள்.

சனிக்கிழமை என் கணவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனபின், நாங்கள் இருவரும் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியாகக் கீழே நடந்தோம். சனிக்கிழமைச் சனம். அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். முதல் சந்தியில் நின்றாள். பச்சை விளக்கு விழுந்தும் நின்றாள். உதடு அசைந்தது. "என்ன?" என்று கேட்டுக்கொண்டு கிட்டப் போனபோது காதில் விழுந்தது.

"இந்தப் பக்கம் வாங்கோ."

என் வரி. நான் "வா" என்று போட்டிருந்ததைத் தன் புருஷனுக்கு ஏற்றமாதிரி அதையும் திருத்தியிருந்தாள். அடுத்த சந்தியிலும் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். எங்களை இடித்துக்கொண்டு போனவர்கள் பிரெஞ்சில் முணுமுணுத்தார்கள். தெருவில் அழுகை வரப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தால் வாயில் எகத்தாளம்தான் வரும்.

"சேவல் எங்கை? கடையிலை ஃப்ரீசர்ச் சேவலாவது ஒண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே?"

"சேவல் செத்த ஆக்களுக்கு" என்றாள் அக்கா.

கார் து நோர் நிலையத்துக்குள் நுழைந்ததும் நேரே டிக்கெட் மெஷினடிக்குப் போனாள். எங்கள் இருவரிடமும் மாதாந்த அட்டை இருக்கிறது. பாரிசில் வேலைக்குப் போகிற எவரிடமும் இருக்கும். "உனக்கும் நவிகோ கிடக்கு, எனக்கும் கிடக்கு. ஆருக்கு டிக்கெட் எடுக்கிறாய்?" என்று கேட்டேன். ஒற்றைப் பயணத்துக்கு ஒரு புது அட்டை எடுத்தாள், ஓல்னே வரைக்கும். ரசீதையும் எடுத்து மடித்து வைத்தாள்.

"அக்கா, ஆருக்கு?"

"டிக்கெட் இல்லாமல் வந்து கொந்த்ரோலிலை பிடிபட்டால்?" என்றாள். டிக்கெட் பரிசோதகரைத்தான் சொன்னாள். "பேப்பரும் இல்லாத மனுசன்."

நான் என் அட்டையை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு நடந்தேன்.

வாயிலில் புது அட்டையை வைத்தாள். கதவு திறந்தது. அவள் உள்ளே போகவில்லை. ஒதுங்கி நின்றாள். பின்னால் பெட்டியோடு நின்றவன் "அலே, மதாம்!" என்று கத்தினான். திறந்த கதவு வெறுமையாக நின்று, பிறகு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் தன் அட்டையைக் காட்டி உள்ளே போனாள். ரயிலில் கூட்டம். இடம் கிடைத்தும் உட்காராமல் கதவோரம் நின்றாள். நிறுத்தங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஓல்னேயில் வெளியே போகும்போதும் அட்டை காட்ட வேண்டும். வாயிலடியில் வந்து கைப்பைக்குள் கையை விட்டாள். அவளுடைய அட்டை வந்தது. மற்றது வரவில்லை. மறுபடியும் துழாவினாள். ரசீது வந்தது, இழுப்பு மருந்து வந்தது, சட்டகத்தோடு அத்தானின் படம் வந்தது. "அங்கை விட்டிட்டு வந்திட்டனோ? அவர் உள்ளுக்கையே நிக்கப்போறாரோ?" என்றாள். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு பெண் பிள்ளைவண்டியால் என் குதிகாலில் இடித்தாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பையைப் பறித்துப் பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டேன். அங்கேதான் கிடந்தது. அதை வாயிலில் வைத்தேன். கதவு திறந்தது. அவசரமாக வெளியே கால் வைக்கப்போன அக்காவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"முதலிலை அத்தானை விடு, அக்கா. பின்னாலை சனம் நிக்குது."